தடையுத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஆறு

கோர்ட்டு சொன்னதை மனுஷன் கேட்ட கதை உலகத்தில் எங்காவது இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் கோர்ட்டு சொன்னதை ஆறு கேட்ட கதை எங்கள் ஊர் ஆலாத்திட்டில் நடந்தது, அதைக் கண்ணால் பார்த்தவள் நான், மீன்காரி வேதவல்லி, நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் ஒரு நடை வந்தால் சம்பந்தம் வீட்டுக் கொல்லையில் இன்றைக்கும் அந்தரத்தில் சாய்ந்து நிற்கிற தென்னையைக் காட்டுகிறேன், அதில் காய்த்த இளநீரையும் வெட்டித் தருகிறேன்.

உப்பாறு கடலில் போய் விழுகிற வாயில் இருக்கிறது எங்கள் திட்டு. ஒரு பக்கம் ஆறு, மற்ற பக்கமெல்லாம் சேறு, சேற்றில் சுரபுன்னைக் காடு. அந்தக் காட்டின் வேர்தான் எங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது அதை வெட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இறால் கம்பெனிக்காரன் வந்தான், காட்டை வெட்டிக் குட்டை போட்டான், குட்டைக்குத் தண்ணீர் போதவில்லை என்று பொக்லைனை மிதவையில் ஏற்றி ஆற்றின் வாயைத் தோண்டினான், தோண்டத் தோண்ட ஆறு தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளக் கரையைத் தின்ன ஆரம்பித்தது. முதல் வருஷம் வலை காயப்போடுகிற மேடு போனது, அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் போனது, அதற்கடுத்த ஐப்பசியில் முதல் தெருவே போனது. இப்போது எங்கள் ஊர் இரண்டாம் தெருவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, ஆனாலும் அதை இரண்டாம் தெரு என்றுதான் சொல்கிறோம்.

போகாத ஆபீஸ் இல்லை, கொடுக்காத மனு இல்லை. கடைசியில் எபனேசர் என்று ஒரு வக்கீல் ஊருக்கு வந்து, சதுப்பு நிலத்தைக் காப்பாற்றுவதற்கென்றே சட்டம் இருக்கிறது, சேற்றைத் தூர்க்கவும் கூடாது தோண்டவும் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது என்று சொன்னபோது, சேற்றுக்கும் ஒரு சட்டமா என்று நாங்கள் சிரித்தோம். சிரிக்காதவள் ஒருத்திதான், என் அண்ணன் ரத்தினவேலின் பெண்டாட்டி தையல்நாயகி. பிளஸ் டூ வரை படித்தவள், ஊருக்கே மனு எழுதிக் கொடுப்பவள், அண்ணன் மங்களூரில் மீன்பிடி போட்டு வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் தனியாக இருந்தவள். வழக்குப் போட ஒரு கையெழுத்து வேண்டும் என்றார் வக்கீல். ஆம்பளைகளுக்கெல்லாம் அன்றைக்கு என்னவோ அவசர வேலை வந்துவிட்டது. பாதிப் பேருடைய பிள்ளைகள் கம்பெனிக் குட்டையில் தீவனம் போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணிதான் போட்டாள்.

எந்தெந்த நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சர்வே எண்களை எழுதித் தர வேண்டும் என்றார் வக்கீல். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய ஏட்டை வைத்துக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி மாமா கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிக்க, அண்ணி எழுதினாள். இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிணம் புதைக்கிற இடத்தை நாங்கள் வீடுவாசலோடு சேர்த்து ஒரே தாளில் எழுத மாட்டோம். கோயில் திருவிழா வரிப் பட்டியல் ஒரு தாள் என்றால் குழிவெட்டுக்கான பட்டியல் வேறு தாள். ஒரே தாளில் எழுதினால் அங்கே படுத்திருப்பவர்கள் இங்கே நடமாடுகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயம். இடுகாடு என்று வாயாலும் சொல்ல மாட்டோம், 'அந்தப் பக்கம்' என்போம், கை கூடக் காட்ட மாட்டோம்.

மாமா 142/2 வரை வாசித்தார். அடுத்த எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, அதற்கடுத்த எண்ணை வாசித்தார். அண்ணியின் பேனா ஒரு நிமிஷம் நின்றது, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், பிறகு அவளும் தாண்டி எழுதினாள். அந்த 142/3-இல்தான் பூவரசு மரத்தடியில் அவள் பெற்ற ஒரே பிள்ளை அபிநயா இருக்கிறாள். நாலு வயதில் மஞ்சள்காமாலை வந்து போனவள், ஒன்பது வருஷமாகிறது, ஒன்பது வருஷமாக அண்ணி வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பால் பிஸ்கட் பாக்கெட்டோடு அங்கே போய்வருகிறாள். அப்படிப்பட்டவள் ஏன் விட்டாள் என்று பிறகு கேட்டேன். "ஊர்ல அத்தனை பிள்ளைங்க இருக்குதுவோ வேதா, எல்லா வூட்டுக்கும் பக்கத்துல அந்த நம்பர எழுத எனக்குக் கை வரல" என்றாள்.

ஒரு புதன்கிழமை உத்தரவு வந்தது. மேற்கண்ட சர்வே எண்களில் அடங்கிய நிலத்தில் மண்ணை எடுக்கவோ, அகற்றவோ, அதன் இயல்பை மாற்றவோ கூடாது, அடுத்த வாய்தா வரும்வரை இப்போதுள்ள நிலையே நீடிக்க வேண்டும் என்று பட்டணத்துப் பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டது. அண்ணி மைதா மாவைக் காய்ச்சிப் பசை பண்ணி, உத்தரவு நகலை ஆற்றங்கரையில் இருந்த பனைத்தூரில் ஒட்டினாள். அப்போது உச்சிப்பொழுது, கடல் பொங்கி ஆற்றுக்குள் வெள்ளம் ஏறுகிற நேரம். சம்பந்தம் வீட்டுக் கொல்லை மூன்று நாளாக ஆற்றுக்குள் சரிந்துகொண்டிருந்தது, தென்னை பாதி விழுந்துகொண்டிருந்தது, பெட்டி அளவுக்கு ஒரு மண்கட்டி கரையிலிருந்து பெயர்ந்து அந்த நிமிஷம் கீழே போய்க்கொண்டிருந்தது. அண்ணி கடைசி மூலையைத் தடவி ஒட்டியதும் எல்லாம் நின்றது. தென்னை சாய்ந்தபடி நின்றது, மண்கட்டி தண்ணீருக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் நின்றது, வெள்ளம் கரை வரை வந்து உரசிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. சற்று நேரத்தில் ஒரு மீன்கொத்தி வந்து அந்த மண்கட்டியின் மேல் உட்கார்ந்தது.

ஊரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. எங்களுக்கு ஆச்சரியமாக இருந்ததெல்லாம் முதல் வாய்தாவிலேயே உத்தரவு கிடைத்ததுதான். உத்தரவு இங்கிலீஷில் இருக்கிறதே, ஆற்றுக்கு எப்படிப் புரிந்தது என்று சம்பந்தம் கேட்டான். "உன்னைய விட அது நாலு ஊரு பாத்ததுடா" என்றார் மாமா. இருந்தாலும் எதற்கு வம்பென்று அண்ணி தமிழிலும் ஒரு நகல் எழுதிப் பக்கத்தில் ஒட்டினாள்.

அதற்குப் பிறகு ஊர் அந்த உத்தரவுக்குள் குடித்தனம் நடத்தப் பழகியது. தடை என்றால் சும்மா தடையில்லை, மண் என்று எதெது உண்டோ அததற்கெல்லாம் தடை. மண்வெட்டியைப் போட்டால் கல்லில் போட்ட மாதிரி எகிறியது. கல்யாணப் பந்தலுக்குக் கால் நட முடியாமல் எண்ணெய் டிரம்மில் மணலை வெளியூரிலிருந்து கொண்டுவந்து நிரப்பி அதில் கால் நட்டோம். அடுப்புப் போடக் களிமண் எடுக்கப் போன பெண்கள் வெறுங்கையோடு வந்தார்கள். சேற்றில் விளையாடிய பிள்ளைகள் ஊர் எல்லையைத் தாண்டும்போது காலில் ஒட்டிய சேறு தானாக உதிர்ந்து உள்ளேயே விழுந்தது, வெளியே போகும்போது எங்கள் பிள்ளைகளைப் போலச் சுத்தமான கால் அந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. நண்டுகளுக்குப் பழைய வளைதான், புது வளை தோண்ட முடியாமல் ஒரு வளைக்கு நாலு நண்டு சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஆட்கள் வந்து உத்தரவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் கரையில் ஒட்டிப் பார்த்தார்கள், அவர்களுடைய சர்வே எண் அதில் இல்லாததால் ஆறு அதைக் காகிதத்தோடு சேர்த்துத் தின்றது. தாசில்தார் வந்தார், அந்தரத்து மண்கட்டியைக் குடைக்கம்பால் தட்டிப் பார்த்தார், உத்தரவு களத்தில் முழுமையாக அமலில் உள்ளது என்று அறிக்கை எழுதினார். எழுதிவிட்டு, என் சர்வீஸில் இந்த வரியை உண்மையாக எழுதுவது இதுதான் முதல் தடவை என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மண் கட்டுப்பட்டது, தண்ணீர் கட்டுப்பட்டது, நண்டு கட்டுப்பட்டது, கம்பெனி மட்டும் கட்டுப்படவில்லை. உத்தரவில் இருப்பது சர்வே எண்கள், ஆற்றுப் படுகைக்கு ஏது சர்வே எண் என்று அவர்கள் ஆள் ஒருவன் படகில் நின்றபடியே எங்களுக்குச் சட்டம் சொன்னான். பொக்லைன் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆற்றின் வாய்க்குள் கைவிட்டு அள்ளிக்கொண்டிருந்தது. ஆறு என்ன செய்யும்? அதற்கு வயிறு இருக்கிறதே. எங்கள் கரையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எங்கெங்கே தடை இருக்கிறது என்று மரியாதையாகத் தெரிந்துகொண்டு, தெற்கே திரும்பி, தடையில்லாத ஒரே இடமான அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தது.

முதலில் போனது பழைய ஆட்கள், பேர் கூட யாருக்கும் தெரியாதவர்கள். அதனால் நாங்கள் பேசாமல் இருந்தோம். பிறகு பேர் தெரிந்தவர்கள் போனார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு வரிசை என்று போனது. இருநூற்றுப் பதினாலு வீட்டைத் தின்ன வேண்டிய பசியை அந்த ஒன்றரை ஏக்கரில் தீர்த்துக்கொண்டால் அப்படித்தான் போகும். அந்த வருஷம் எங்கள் ஊரில் ஒருவரும் மடவை மீன் தின்னவில்லை, அது சேற்றை மேய்கிற மீன். தின்னவில்லையே ஒழிய விற்றோம். நானும்தான் விற்றேன், கூடையில் வைத்துச் சந்தையில் கூவித்தான் விற்றேன், அந்தப் பாவத்தை வேறு யார் தலையில் கட்டுவது.

அண்ணி தினமும் போய்க் கரையிலிருந்து பூவரசு மரம் வரை காலால் அளந்துவிட்டு வருவாள். அறுபது அடி என்பாள், நாற்பத்தி நாலு என்பாள், சாப்பிடும்போது திடீரென்று நிறுத்தி முப்பத்தொன்று என்பாள். வக்கீலுக்குப் போன் போட்டாள். விட்டுப்போன எண்ணைச் சேர்க்கச் சொல்லித் திருத்த மனு போடலாம்தான் என்றார் அவர், ஆனால் மனுவைத் திறந்தால் எதிராளி சும்மா இருக்க மாட்டான், பட்டியலே தப்பு என்பான், தடையை ரத்து செய்யக் கேட்பான், பழைய தடை போய்ப் புதுத் தடை வருவதற்குள் ஒரு நாளோ ஒரு மாசமோ ஆகலாம். "தொறக்குறதுதான் நம்ம கையில இருக்கும்மா, மூடுறது இல்ல" என்றார்.

பஞ்சாயத்துக் கூடியது. அண்ணி மண்டபத்துக்குக் கீழே நின்றாள்.

"ஒரு நம்பருதான் மாமா விட்டுப்போச்சு. சேத்துக்கச் சொல்லிக் கேக்குறேன்."

"சேக்குற வரைக்கும் தடை இருக்குமா தாயீ?" என்று கலியமூர்த்தி மாமா கேட்டார்.

"இருக்கலாம்னு சொல்றாரு. இல்லாமலும் போகலாம்னு சொல்றாரு."

"இல்லாம போனா?"

பதில் எல்லாருக்கும் தெரியும். நிறுத்திவைத்த ஆறு, ஏழு மாசத்துப் பசியோடு நிற்கிற ஆறு, தடை எடுபட்ட நாழிகையில் இரண்டாம் தெரு மூன்றாம் தெரு என்று எண்ணிக்கொண்டா இருக்கும்?

"செத்தவங்களுக்காவ இருக்குறவங்கள ஆத்துல வுடச் சொல்றியா?" என்று சம்பந்தம் கத்தினான். அவன் தென்னை அந்தரத்தில் நிற்கிறவன், அவன் பயம் அவனுக்கு. "ஆத்துக்கும் எதையாச்சும் குடுத்துத்தானே ஆவணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் வீடு கரையிலிருந்து மூன்றாவது வீடு.

மாமா எழுந்து நின்றார். "எங்கப்பன் போன மாசம் போயிட்டாரு. தம்பி சம்சாரம் போயிடுச்சு. போறப்ப நான் கரையிலதான் நின்னேன், கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அந்த நம்பர வெரலால மறைச்சவன் நான்தான், எனக்குத் தெரியாதா? ஆனா தாயீ, எங்கப்பனையே குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன். நீயும் குடுத்துடு."

அவர் அழுதார். ஆம்பளை அழுதால் பஞ்சாயத்து முடிந்தது என்று அர்த்தம், எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துபோனார்கள். அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். கையெழுத்து அவளுடையது, வழக்கு அவளுடையது, இப்படியே பஸ் ஏறிப் போய் எபனேசரிடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் எந்தப் பஞ்சாயத்தும் ஒன்றும் செய்ய முடியாது. அது எங்களுக்கும் தெரியும், அதனால்தான் அன்றிலிருந்து அவள் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது.

பதினோரு அடி என்று சொன்ன நாளில் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "வேதா, புள்ளைய எடுத்துட்டு வந்து என் கொல்லையில வச்சுக்குறேன். எங்கூட வா." தண்ணீர் இறங்கியிருக்கிற வற்றம் நேரம், நல்ல வெயில். நாங்கள் இரண்டு பேரும் பூவரசுக்குக் கீழே தோண்டினோம், அந்தப் பக்கத்து மண்ணுக்குத் தடை எதுவும் இல்லாததால் சொன்னபடி கேட்டது. நாலு வயதுப் பிள்ளையிடம் ஒன்பது வருஷம் கழித்து என்ன இருக்கும்? ஒரு பச்சை பிளாஸ்டிக் வளையல் புதிதாகவே இருந்தது. மற்றது கொஞ்சம்தான் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து முள்ளோடு புழங்குகிறவள், அரிவாள்மனையில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு முள் எடுப்பேன், அதை என்னால் பார்க்க முடியவில்லை, திரும்பி நின்றுகொண்டேன். என் அண்ணன் பிள்ளை அது, அத்தை அத்தை என்று என் கூடைக்குப் பின்னாலேயே ஓடிவந்த பிள்ளை. அண்ணி புதுத் துண்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடினாள்.

கொல்லையில் வந்து மண்வெட்டியைப் போட்டாள். எகிறியது. கடப்பாறையைப் போட்டாள், தீப்பொறி பறந்தது. நான் போட்டேன், சத்தம் கேட்டு வந்த சம்பந்தம் சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டான், கலியமூர்த்தி மாமா வந்து போட்டார், தெருவே வந்து ஆளுக்கு ஒரு போடு போட்டது, பஞ்சாயத்தில் கத்தியவர்கள்தான் அத்தனை பேரும், இப்போது உயிரைக் கொடுத்துக் குத்தினார்கள். ஒரு சாண் பள்ளம் வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். மண் இம்மி அசையவில்லை. உத்தரவு உத்தரவுதான், எழுதிய பெண்ணின் பிள்ளை என்று அதற்குத் தெரியுமா? அண்ணி கடைசியில் மண்ணின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கொஞ்சம் வழி விடேன் என்று அதனிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டாள். நாங்கள் மண்வெட்டி கடப்பாறைகளைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றோம்.

அடுத்த குப்பத்தில் கேட்டோம், வேற்றூர் சாவை எங்கள் மண்ணில் வைக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். அண்ணி பிறந்த ஊர் அக்கரையில் இருந்தது, இருந்தது என்றுதான் சொல்ல முடியும். கடலில் விடலாமே என்று ஒருத்தி சொன்னாள், சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் வெள்ளத்தில் பூவரசு மரம் போய்விட்டது. தூக்கு அண்ணியின் இடுப்பிலேயே இருந்தது, சமைக்கும்போதும் இருந்தது, தண்ணீர் எடுக்கும்போதும் இருந்தது.

வாய்தா நாள் வந்தது. மனுதாரரும் வரட்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பஞ்சாயத்தார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "நாத்தனார்க்காரி கூட இருந்தாத்தான் சரிப்படும். நீதிபதி முன்னாடி அது வாயத் தொறக்காம பாத்துக்க" என்றார்கள். சரி என்றேன். நான் சொன்னேன், ஒளிக்க என்ன இருக்கிறது, சரி என்றுதான் சொன்னேன்.

பஸ்ஸில் போகும்போது அவள் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கோர்ட்டு வாசலில் வாய்தா உள்ளவர்களை மட்டும் உள்ளே விடுகிற போலீஸ்காரர் தூக்கைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். அவர் உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார், இன்னொரு தடவை உள்ளே பார்த்தார்.

"கேஸ் சம்பந்தப்பட்ட பொருளாம்மா?"

"ஆமாங்க சார்" என்றாள் அண்ணி.

அவரே மூடியை எடுத்துச் சத்தம் வராமல் மூடிக் கொடுத்தார்.

உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்ததும் கம்பெனி வக்கீல் எழுந்து, பதில் மனு போட அவகாசம் வேண்டும் என்றார். எபனேசர் எழுந்து, அதுவரை தடையை நீட்டிக்க வேண்டும் என்றார். நீதிபதி சரி நீட்டிக்கிறேன் என்று எழுதப்போனார். அவ்வளவுதான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அவர் எழுதுவதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து, "மனுதாரர் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அண்ணி எழுந்து நின்றாள், நானும் கூடவே எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் அவர். நல்ல மனுஷன், உண்மையாகவே கேட்டார்.

அவள் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு எண், நாலு வார்த்தை. பூவரசு மரம் போய்விட்டாலும் இன்னும் கால் ஏக்கர் பாக்கி இருக்கிறது, அந்தக் கால் ஏக்கருக்குத் தடை கிடைத்தால் ஓரமாக ஒரு இடம் பார்த்து உத்தரவை ஒட்டுவதற்கு முன்பே குழி வெட்டிப் பிள்ளையை வைத்துவிடலாம், வெள்ளிக்கிழமை போகலாம், அவள் கணக்குப் போட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும், நானும் அதே கணக்கைப் போட்டிருந்தேன். அப்போது நான் பிடித்திருந்த கையை விட்டேன். விட்டேன் என்று ஊரில் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. நீ சொல்லிக்கோ அண்ணி, என் வீடு போனால் போகட்டும், சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தூக்கைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, "ஒண்ணுமில்லீங்கய்யா, இருக்குறது இருக்குற மாதிரியே இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வக்கீல் தேதி குறித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி ஆபீஸுக்குள் போனார். வெளியே வந்தால், கோர்ட்டு மதிலுக்கு உள்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது, அதன் நிழலில் கருப்புக் கோட்டுக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணி அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்து, சும்மா இருக்கிறவள் செய்வதுபோலக் கையால் தரையைக் கீறினாள். மண் வந்தது. விரலால் கிண்டினாள், ஈர மண், கறுப்பு மண், இன்னும் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தூக்கின் மூடியைக் கழற்றி அதாலேயே வேகவேகமாகத் தோண்டினாள், நானும் நகத்தால் தோண்டினேன்.

கோர்ட்டு வாசல் பெருக்குகிற அம்மா ஒருத்தி விளக்குமாறோடு வந்து நின்றாள். "என்னாம்மா பண்றீங்க இங்க?" என்றாள். அண்ணி துண்டை விரித்துக் காட்டினாள், "எம் பொண்ணு, அக்கா" என்றாள். அந்த அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு, "அங்க வேணாம், வண்டி ஏத்திடுவானுங்க. இந்த வேரு சந்துல வையி" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குப்பையே இல்லாத இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். துண்டோடு வைத்தோம். வளையலையும் வைத்தோம். மண்ணைத் தள்ளி மூடி, அண்ணி பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து மேலே வைத்தாள். வெள்ளிக்கிழமை என்பதே அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எபனேசர் சிரித்த முகமாக வந்தார். "நல்ல சேதிம்மா! அடுத்த வாய்தா மூணு மாசம் கழிச்சுத்தான் போட்டிருக்காங்க. அது வரைக்கும் தடை அப்படியே இருக்கும், ஒருத்தனும் அசைக்க முடியாது."

அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு தேதி வாங்க முடியாதுங்களா சார்?"

"எதுக்கும்மா? தள்ளிப் போகப் போகத்தான் உங்க ஊருக்கு நல்லது."

"ஊருக்கு நல்லதுதான் சார்" என்றாள் அண்ணி. "மூணு மாசம் புள்ளைய வுட்டுட்டு நான் எப்புடி சார் இருப்பேன்?"